75 மணி நேரம் கையில் 48 ஆகிறது: செமஸ்டர் தொடங்கும் முன் கல்லூரி ஆசிரியருக்கு ஒரு முழு வழிகாட்டி

முதல் வகுப்பு காலை 9.30-க்கு. பெயர்ப் பட்டியலில் 58 பேர். நான் உள்ளே போனபோது பெஞ்சில் இருந்தவர்கள் 31 பேர். பத்து மணிக்குள் இன்னும் 15 பேர் ஒவ்வொருவராக வாசலில் வந்து நின்று "உள்ள வரலாமா சார்?" என்று கேட்டார்கள். பாடம் 15 முறை நின்றது. எனக்கு எரிச்சல். இரண்டு வாரம் கழித்துத்தான் விசாரித்தேன். பென்னாகரம் பக்கத்துப் பெண்கள் கட்டணமில்லா டவுன் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார்கள். நடுவில் போகும் மற்ற பஸ்ஸில் ஏறினால் காசு கொடுக்க வேண்டும். கம்பைநல்லூர் பக்கத்துப் பையன்கள் இரண்டு பஸ் மாறி வருகிறார்கள். ஒருவன் காலையில் சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு வருகிறான். நான் ராத்திரி கண் விழித்துத் தயாரித்துக்கொண்டு போன முதல் 20 நிமிடத்தை வகுப்பில் பாதிப் பேர் கேட்டதே இல்லை.

தயாரிப்பு என்றால் நூலகத்தில் நாலு புத்தகம் எடுத்துக் குறிப்பு எழுதுவது என்றுதான் நானும் அப்போது நினைத்திருந்தேன். அதுவும் வேண்டும்தான். ஆனால் அதற்கு முன்னால் இரண்டு விஷயம் தெரிய வேண்டும்: கையில் மெய்யாகவே எத்தனை மணி நேரம் இருக்கிறது, எதிரே உட்காரப் போவது யார். மற்ற எல்லாம் இந்த இரண்டிலிருந்துதான் வரும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கலை அறிவியல் கல்லூரிகளில் இளங்கலை வகுப்பு எடுக்கப் போகிற புதியவர்களை நினைத்து இதை எழுதுகிறேன். நான் எடுப்பது பொருளியல், ஆகவே உதாரணங்கள் அதிலிருந்து வரும். வேதியியலோ வரலாறோ எடுப்பவர்கள் உதாரணத்தை மாற்றிக்கொள்ளுங்கள், முறை ஒன்றுதான்.

முதலில் காலண்டர், அப்புறம் சிலபஸ்

இங்குள்ள கலைக் கல்லூரிகள் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள். திங்கள், செவ்வாய் என்று இல்லாமல் ஒன்று முதல் ஆறு வரை எண்ணிட்டுச் சுற்றி வரும் ஆறு டே ஆர்டர், நாளுக்கு ஐந்து மணி நேரம், ஆக ஒரு சுற்றுக்கு 30 மணி நேரம். முதன்மைப் பாடம் ஒன்றுக்கு ஐந்து மணி நேரம் கொடுத்திருந்தால், 15 சுற்றுக்கு 75 மணி நேரம். இது தாளில் இருக்கும் கணக்கு.

இப்போது ஒரு பேனாவை எடுத்துக் கழியுங்கள். முதலாமாண்டு என்றால் முதல் சுற்று முழுக்க அறிமுக நிகழ்ச்சி, சேர்க்கை, ஐடி கார்டு, பஸ் பாஸ் என்று போய்விடும்: ஐந்து மணி நேரம். இரண்டு இன்டர்னல் தேர்வும் சேர்ந்து ஒரு சுற்று: ஐந்து. மாடல் தேர்வு: ஐந்து. விளையாட்டு விழா, நாட்டு நலப்பணித் திட்டம், சிறப்புச் சொற்பொழிவு என்று மாணவர்களை மண்டபத்துக்கு அழைத்துக்கொண்டு போகும் நேரம்: மூன்று. உங்கள் சொந்த விடுப்பு, விடைத்தாள் திருத்தப் போவது, பயிற்சி வகுப்பு: நான்கு. மொத்தம் 22 போய் 53 மிஞ்சுகிறது. கடைசியில் பழைய கேள்விகளைப் போட்டுப் பார்க்க ஐந்து மணி நேரம் ஒதுக்கினால் 48.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. டே ஆர்டர் முறையில் அரசு விடுமுறை நம்மை அதிகம் தொடாது. இன்று மூன்றாவது ஆர்டர் என்றிருந்து லீவு விட்டால், நாளை மறுபடி மூன்றாவது ஆர்டரே வரும். கல்லூரி திறந்திருந்து, வருகைப்பதிவும் எடுத்து, ஆனால் வகுப்பு மட்டும் நடக்காத நாள்கள்தான் பாடத்தைத் தின்பவை. லீவுக்கு முன்நாளும் பின்நாளும் அதே கதைதான். ஆடிப்பெருக்கு சமயம் ஒகேனக்கல் பக்கத்துப் பிள்ளைகள் வரமாட்டார்கள். தீபாவளிக்கு மூன்று நாள் முன்னாலிருந்தே துணிக்கடையில் வேலை பார்க்கும் பையன்கள் வரமாட்டார்கள். அந்த நாள்களில் புதுப் பாடம் தொடங்குவதில்லை என்று இப்போதே காலண்டரில் குறித்துவையுங்கள். பொறியியல் கல்லூரிகள் போலக் கிழமைக் கணக்கில் டைம் டேபிள் போடும் இடமாக இருந்தால் திங்களும் வெள்ளியும் அதிகம் அடிபடும்.

ஆசிரியர் தரப்பையும் சொல்லிவிடுகிறேன். நம்மில் பலர் சேலத்திலிருந்து தினமும் வந்துபோகிறவர்கள். தொப்பூர் கணவாயில் ஒரு லாரி கவிழ்ந்தால் அன்றைய முதல் மணி நேரம் அங்கேயே முடிந்துபோகும். மாணவன் தாமதத்தைப் பற்றிப் பேசும்போது இதை மறந்துவிடுகிறோம்.

48 மணி நேரத்தை சிலபஸின் ஐந்து அலகுக்கும் சமமாகப் பிரிக்காதீர்கள். முதல் பருவ நுண்பொருளியலுக்கு நான் வைத்திருக்கும் கணக்கு இது: அறிமுகம் 8, தேவையும் நெகிழ்ச்சியும் 12, உற்பத்தியும் செலவும் 11, சந்தை வகைகள் 9, பகிர்வு 5. கூட்டினால் 45; மூன்று மணி நேரம் கையிருப்பு. அந்த மூன்றை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

இந்தக் கணக்கை நான் கற்றுக்கொண்டது அடிபட்டுத்தான். முதன்முதலில் வேலை பார்த்த ஒரு கல்லூரியில், பொருளியல் என்றால் என்ன என்ற முதல் அலகையே ஐந்து வாரம் நடத்தினேன். எனக்கு அவ்வளவு பிடித்த பகுதி. ஐந்தாவது அலகுக்கு வந்தபோது மிஞ்சியது இரண்டே நாள். ஜெராக்ஸ் கொடுத்து "படிச்சிக்குங்க" என்றேன். தேர்வில் அந்த அலகிலிருந்து பத்து மதிப்பெண் கேள்வி வந்தது. வெளியே வந்த ஒரு பெண் என்னைக் குறை சொல்லவில்லை. "அந்த ஒன்னை மட்டும் விட்டுட்டேன் சார்" என்று தன் தவறு போலச் சொல்லிவிட்டுப் போனாள்.

கேள்வித்தாளைப் படித்துவிட்டு சிலபஸைப் படியுங்கள்

தேர்வுக்காக மட்டும் பாடம் நடத்தச் சொல்லவில்லை. ஆனால் அரியர் வைத்தால் அந்தப் பிள்ளை மறுபடி கட்டணம் கட்ட வேண்டும், வீட்டில் பதில் சொல்ல வேண்டும். ஆகவே கடைசி ஐந்து பருவக் கேள்வித்தாள்களை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். ஒரு மதிப்பெண், ஐந்து மதிப்பெண், பத்து மதிப்பெண் ஒவ்வொன்றும் எந்த அலகிலிருந்து வந்தது என்று கோடு போட்டு எண்ணுங்கள். அரை மணி நேர வேலை. எந்தத் தலைப்பு திரும்பத் திரும்ப வருகிறது, எந்தத் தலைப்பு சிலபஸில் மட்டும் இருக்கிறது என்று தெரிந்துவிடும். சிலபஸ் மாறிய வருடமாக இருந்தால் பழைய தாளைக் கண்மூடி நம்பாதீர்கள். தலைப்பு பழையதாக இருந்தாலும் அலகு மாறியிருக்கும்.

பெரும்பாலும் பல்கலைக்கழகத் தேர்வுக்கு 75, இன்டர்னலுக்கு 25. அந்த 25 எப்படிப் பிரிகிறது, தேர்வுக்கு எவ்வளவு, அசைன்மென்டுக்கு எவ்வளவு, வருகைக்கு எவ்வளவு என்று துறைத் தலைவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முதல் வாரமே இதை வகுப்பில் போர்டில் எழுத வேண்டும். தேர்வு எழுத 75 சதவீத வருகை வேண்டும் என்பதையும் அன்றே சொல்லுங்கள். நவம்பரில் சொன்னால் அது மிரட்டல்தான்.

இன்னொரு புத்தகம் கட்டாயம் படிக்க வேண்டும்: பிளஸ் ஒன் பாடநூல். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் நுண்பொருளியல் பிளஸ் ஒன்னிலும் பேரியல் பிளஸ் டூவிலும் இருக்கிறது. வகுப்பில் ஒரு பாதி இதைப் பள்ளியிலேயே பார்த்துவிட்டு வந்திருக்கும். மறு பாதி அறிவியல் பிரிவிலிருந்தோ தொழிற்கல்விப் பிரிவிலிருந்தோ வந்து, "தேவை விதி" என்ற சொல்லையே முதன்முதலாகக் கேட்கும். பள்ளி நூலில் எந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறார்களோ அதையே நீங்களும் பயன்படுத்துங்கள். அதில் "சமநோக்கு வளைகோடு" என்றிருக்கும்போது நீங்கள் உங்கள் ஆய்வேட்டில் புதிதாக ஆக்கிய சொல்லைப் போர்டில் எழுதினால், தெரிந்த பிள்ளைக்கும் குழப்பம்.

எதிரே யார்: ஆறு கேள்விச் சீட்டு

முதல் வகுப்பில் ஒவ்வொருவரையும் எழுப்பி "பேர், ஊர், அப்பா என்ன வேலை" என்று கேட்கும் பழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து விட்டுவிடுங்கள். அப்பா பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருக்கிறார் என்று 57 பேர் முன்னால் எழுந்து நின்று சொல்வதில் ஒரு பிள்ளைக்கு என்ன லாபம்? அப்பா இல்லாத பிள்ளைக்கு இன்னும் மோசம்.

அதற்குப் பதில் அரைத் தாள் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். என் சீட்டில் ஆறே கேள்விதான். எந்த ஊரிலிருந்து வருகிறாய், எத்தனை பஸ், காலை எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புகிறாய்? வீட்டில் பேசும் மொழி எது? பிளஸ் டூவில் எந்தப் பிரிவு, எந்த மீடியம்? கல்லூரி முடிந்து வேலைக்குப் போகிறாயா, எத்தனை மணி வரை? சொந்த போன் இருக்கிறதா, வீட்டில் எல்லாருக்கும் சேர்த்து ஒன்றா? இந்தப் பாடத்தில் எதைக் கண்டால் பயம்? சீட்டை நான் மட்டும் படிப்பேன் என்று சொல்லிவிட்டு, அதைக் காப்பாற்றவும் வேண்டும்.

இரண்டாவது கேள்வி வெளியூரிலிருந்து வரும் ஆசிரியர்களுக்கு வியப்பாக இருக்கும். இது தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும் மண். 2004-இல் தருமபுரியிலிருந்து பிரிந்த கிருஷ்ணகிரி மாவட்டத்தில், ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி பக்கத்துப் பிள்ளை பள்ளியில் தமிழ் மீடியம் படித்திருக்கும். வீட்டில் அம்மாவோடு பேசுவது தெலுங்கோ கன்னடமோ. தருமபுரிப் பக்கம்கூட ஊர்ப் பெயர்கள் எத்தனை "அள்ளி"யில் (கன்னடத்தில் ஊர் என்று பொருள்) முடிகின்றன என்று பாருங்கள். இந்தப் பிள்ளைகளுக்குப் பாடத்தில் வரும் ஆங்கிலச் சொல், பாடநூல் தமிழ் இரண்டுமே கொஞ்சம் தூரத்துச் சொற்கள்தான். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் தலையாட்டுவார்கள். அது பதில் இல்லை.

அதனால் ஒவ்வொரு அலகுக்கும் எட்டு அல்லது பத்துச் சொல் கொண்ட ஒரு பட்டியல் தயாரிக்கிறேன். நெகிழ்ச்சி, இறுதிநிலைப் பயன்பாடு, வாய்ப்புச் செலவு, நுகர்வோர் உபரி என்று ஒரு பக்கம். எதிரே ஆங்கிலச் சொல். மூன்றாவது பத்தியில் ஒரு ஊர் உதாரணம். மூன்றாவது பத்தியை நான் காலியாக விட்டுவிடுவேன். அதை நிரப்புவது அவர்கள் வேலை. வாய்ப்புச் செலவுக்கு எதிரே ஒரு பையன் "காலேஜ் வந்ததால் விட்ட ஓசூர் கம்பெனிச் சம்பளம்" என்று எழுதியிருந்தான். அதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

சீட்டில் வரும் நேரக் கணக்கைப் பார்த்ததும் நான் செய்த மாற்றம் சின்னதுதான். காலை முதல் மணி நேரம் வகுப்பிருந்தால் முதல் 15 நிமிடம் புதிதாக எதுவும் நடத்துவதில்லை. முந்தைய வகுப்பின் மறுபார்வை, போர்டில் ஒரு கணக்கு, எழுதிக் காட்டும் பயிற்சி. பின்னால் வருகிறவர்கள் கேட்காமல் உள்ளே வந்து கடைசி பெஞ்சில் உட்காரலாம். வருகைப்பதிவு வகுப்பின் நடுவில். ஒழுக்கம் கெட்டுவிடும் என்று சக ஆசிரியர்கள் சொன்னார்கள். பஸ் நேரத்துக்கு ஒழுக்கம் கற்றுக்கொடுக்க என்னால் ஆகாது என்றேன்.

முதல் பாட வகுப்புக்கு ஒரு களி உருண்டை

முதல் பாட வகுப்பை வரையறைகளோடு தொடங்காதீர்கள். அந்தப் பாடத்தில் இருக்கும் ஒரு நல்ல சண்டையோடு தொடங்குங்கள். நான் கேட்பது இதுதான்: "சம்பளம் கூடினால் வீட்டில் களி கூடுமா, குறையுமா?"

தருமபுரி வகுப்பில் கேழ்வரகுக் களியைத் தெரியாதவர் யாரும் இல்லை. முதலில் எல்லாரும் "குறையும்" என்பார்கள். பணம் வந்தால் அரிசிச் சோறு. சரி, வருமானம் கூடும்போது எதை வாங்குவது குறைகிறதோ அதற்குத் தாழ்ரகப் பொருள் என்று பெயர் என்று எழுதுவேன். அப்போது யாராவது ஒருவர் முகம் சுளிப்பார். நம் களி தாழ்ரகமா? அந்தச் சுளிப்புக்காகத்தான் காத்திருப்பேன்.

போன முறை இண்டூர் பக்கத்துப் பெண் ஒருத்தி கையைத் தூக்கினாள். "எங்க வீட்ல ரேஷன் அரிசிதான் சார். தாத்தாவுக்கு சுகர் வந்த பின்னாடி மறுபடியும் களி பண்றோம்." உடனே பின்னாலிருந்து ஒரு பையன், "பெங்களூர்ல எங்கண்ணன் கேப்பை மாவு வாங்குறான் சார், அரிசியை விட அது விலை ஜாஸ்தி" என்றான். 20 நிமிடத்தில் அவர்களே கண்டுபிடித்துவிட்டார்கள்: தாழ்ரகம் என்பது பொருளின் குணம் இல்லை, யார் வாங்குகிறார், எந்த வருமானத்தில் வாங்குகிறார் என்பதைப் பொறுத்தது. இதைப் புத்தகத்திலிருந்து வாசித்திருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும், யாருக்கும் நினைவிருந்திருக்காது.

இப்படி அலகுக்கு ஒன்றாக ஐந்து உள்ளூர் உதாரணத்தைச் செமஸ்டருக்கு முன்பே தயார் செய்துகொள்ளுங்கள். வகுப்பில் நின்றுகொண்டு யோசித்தால் பேனாவும் பென்சிலும்தான் வாயில் வரும். விலை மாறினால் வாங்கும் அளவு எவ்வளவு மாறும் என்பதுதான் நெகிழ்ச்சி; அதற்குப் பாலக்கோட்டுத் தக்காளியை விட்டால் வேறென்ன? 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. ரேஷன் கடையில் 60 ரூபாய்க்கு அரசு விற்றது. வேறு சமயங்களில் பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் தோட்டத்திலேயே விட்டுவிடுகிறார்கள். பத்து ரூபாய்க்கு வந்துவிட்டது என்பதற்காக யாரும் ஒரு நாளைக்கு மூன்று கிலோ ரசம் வைப்பதில்லை; தேவை நெகிழாத பொருளில் வரத்து கொஞ்சம் கூடினாலும் விலை பாதாளத்துக்குப் போகும். விலை ஏறிய வருடம் எல்லாரும் நாற்று விட, அடுத்த முறை சரிகிறதே, அதற்குச் சிலந்திவலைத் தேற்றம் என்று பெயர். 1934-இல் நிக்கோலஸ் கால்டோர் என்ற பொருளியலாளர் வைத்த பெயர். சந்தை வகைகளுக்குக் கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகள்: பெங்களூரா மாம்பழத்தை விற்பவர்கள் ஏராளம், வாங்கும் ஆலைகள் சில. விலையை யார் சொல்கிறார்கள் என்று கேட்டால் தோட்டம் வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளை கோபத்தோடே பதில் சொல்லும். ஏலத்தில் விலை எப்படிப் பிறக்கிறது என்று காட்டப் பட்டுக்கூடு அங்காடி இருக்கிறது. கூலி பற்றிய பாடத்துக்குப் புளி. அறுவடைக் காலத்தில் வீட்டுத் திண்ணையில் கொட்டை எடுத்தவர்கள் வகுப்பிலேயே நாலு பேர் இருப்பார்கள்.

ஒரு எச்சரிக்கை. உதாரணம் சொல்லும்போது யாருடைய வீட்டு வறுமையும் வேடிக்கைப் பொருளாகிவிடக் கூடாது. "உங்க வீட்ல" என்று கேட்காதீர்கள். "ஒரு வீட்டில்" என்று கேளுங்கள். சொல்ல விரும்புகிறவர் தாமாகச் சொல்வார்.

ஒரு வகுப்புக்கு ஒரு தாள்

குறிப்பு எழுதுவதில் இரண்டு தவறு நடக்கும். ஒன்று, 30 பக்கம் எழுதிக்கொண்டு போய் டிக்டேஷன் கொடுப்பது. இன்னொன்று, எல்லாம் தெரியும் என்று வெறுங்கையோடு போவது. இரண்டையும் நான் செய்திருக்கிறேன்.

இப்போது ஒரு வகுப்புக்கு ஒரு தாள்தான். மேலே ஒரே வரி: இந்த வகுப்பு முடிந்ததும் பிள்ளை எதைச் செய்து காட்ட வேண்டும். "நெகிழ்ச்சியைப் புரிந்துகொள்வார்" என்று எழுதினால் அதை எப்படிச் சோதிப்பது? "இரண்டு விலை, இரண்டு அளவு கொடுத்தால் நெகிழ்ச்சியைக் கணக்கிட்டு, நெகிழுமா நெகிழாதா என்று சொல்வார்" என்று எழுதுங்கள். நடுவில் மூன்று விஷயம், அதற்கு மேல் வேண்டாம். ஓரத்தில் போர்டில் வரையப் போகும் படம், அச்சுகளின் பெயரோடு. கீழே அடுத்த வகுப்பின் தொடக்கத்தில் கேட்கப் போகும் மூன்று கேள்வி.

அந்த மூன்று கேள்வியைச் சும்மா போடவில்லை. 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பகுதியைப் படித்தபின் சிலர் மறுபடி படித்தார்கள். சிலர் புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்கள்தான் முந்தினார்கள். ஆகவே வகுப்பின் தொடக்கத்தில் நோட்டை மூடச் சொல்லி மூன்று கேள்வி, ஐந்து நிமிடம், மதிப்பெண் கிடையாது. பஸ்ஸுக்காக ஒதுக்கிய அந்த முதல் 15 நிமிடத்தில் இது கச்சிதமாக உட்கார்ந்துகொள்ளும்.

ஒரு மணி நேரம் என்பதை 40 நிமிடமாக வைத்துத்தான் தாளைத் தயார் செய்ய வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிந்திய வகுப்பாக இருந்தால், அதிலும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையாக இருந்தால், கணக்கு போட வைப்பதைத் தவிர வேறு எதுவும் எடுபடாது. தத்துவத்தைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

செமஸ்டர் தொடங்கும் நாளில் முதல் மூன்று வாரத்துக்கான தாள்கள் கையில் இருந்தால் போதும். முழுப் பருவத்துக்கும் தயாரித்து வைத்தவர்கள் நான்காவது வாரம் அதைத் திருத்திக்கொண்டிருப்பார்கள்.

அசைன்மென்டும் இன்டர்னலும்

"தேவை விதியை விளக்குக" என்று அசைன்மென்ட் கொடுத்தால் 58 நோட்டும் ஒரே மாதிரி வரும். முன்பு ஒரு நோட்டைப் பார்த்து எழுதினார்கள், இப்போது சாட்ஜிபிடியைப் பார்த்து எழுதுகிறார்கள். குற்றம் கேள்வியில்தான். நான் கொடுப்பது: உங்கள் ஊர்ச் சந்தையிலோ கடையிலோ ஒரே ஒரு பொருளின் விலையை மூன்று வாரம், வாரத்துக்கு இரண்டு முறை குறித்து வாருங்கள், கடைக்காரரிடம் எவ்வளவு விற்றது என்று கேளுங்கள், ஆறு புள்ளி வைத்துப் படம் வரையுங்கள், கோடு ஏன் புத்தகத்தில் உள்ளதுபோல வரவில்லை என்று ஒரு பக்கம் எழுதுங்கள். அந்தக் கடைசிப் பக்கத்துக்குத்தான் மதிப்பெண்.

எல்லாருக்கும் ஒரே வாரத்தில் எல்லா ஆசிரியரும் அசைன்மென்ட் கேட்பது இன்னொரு கொடுமை. துறைக்குள் பேசித் தேதிகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். இன்டர்னல் கேள்வித்தாளை இப்போதே ஒன்று எழுதிவையுங்கள். எதைக் கேட்கப் போகிறோம் என்று தெரிந்தால் எதை நடத்த வேண்டும் என்பதும் தெளிந்துவிடும்.

பதிவேடுகள், சுருக்கமாக

லெசன் பிளான், பணிப் பதிவேடு, வருகைப்பதிவேடு, கோர்ஸ் ஃபைல். கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வரும் வருடம் மட்டும் இவற்றுக்கு உயிர் வரும். தினமும் மாலை பத்து நிமிடம் ஒதுக்கினால் பாரமில்லை. மாதக் கடைசியில் ஒரேயடியாக எழுதினால் அது கதை எழுதுவது. சிலபஸில் கே1 முதல் கே6 வரை குறியீடு இருக்கும். 1956-இல் பெஞ்சமின் புளூமும் குழுவினரும் வகுத்து, 2001-இல் திருத்தப்பட்ட ஆறு படிகள் அவை: நினைவுகூர்வதில் தொடங்கிப் படைப்பதில் முடியும். அந்தக் கட்டங்களைக் கடமைக்கு நிரப்பாமல், உங்கள் இன்டர்னல் கேள்விகள் எல்லாம் கே1-லேயே நின்றுவிட்டனவா என்று பார்க்க மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். அதற்கு அது நல்ல கருவி.

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2018 விதிப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேர வகுப்பு. டைம் டேபிள் வந்ததும் உங்கள் மணி நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். முறையிட வேண்டியிருந்தால் முதல் வாரமே முறையிட வேண்டும்.

வகுப்பு ஆசிரியர் பொறுப்பும் தந்திருந்தால் வேலை இரட்டிப்பு. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்துவிட்டு வந்த பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும் பையன்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய். அதற்கு ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு, எமிஸ் எண் (பள்ளியில் தந்த மாணவர் எண்), யுமிஸ் பதிவு (கல்லூரி மாணவர் பதிவு) என்று பல கதவு. அம்மாவின் கணக்கு எண்ணைக் கொடுத்துவிட்டுப் பணம் வரவில்லை என்று டிசம்பரில் வந்து நிற்பார்கள். முதல் மாதமே ஒரு மாலை உட்கார்ந்து ஒவ்வொருவர் பாஸ்புக்கையும் பாருங்கள். சிலருக்குப் பஸ், சாப்பாடு, ஜெராக்ஸ் எல்லாம் அந்த ஆயிரத்தில்தான்.

கடைசி நிமிடத்தில் பாடம் கைக்கு வந்தால்

கௌரவ விரிவுரையாளர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். கல்லூரி திறந்த அன்று காலையில் "நீங்க புள்ளியியல் எடுத்துக்குங்க" என்று சொல்வார்கள். அப்போது மூன்று நாளில் செய்ய வேண்டியது: முதல் நாள் கேள்வித்தாள் எண்ணுவது, மணி நேரக் கணக்கு, இரண்டாம் நாள் முதல் அலகின் சொற்பட்டியல், இரண்டு வகுப்புக்கான தாள், மூன்றாம் நாள் ஆறு கேள்விச் சீட்டு. போன வருடம் அந்தப் பாடம் எடுத்தவரைத் தேடிப் பிடித்து ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். எந்த இடத்தில் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள் என்று அவரைப்போல யாரும் சொல்ல முடியாது.

அறையையும் முன்கூட்டியே ஒருமுறை போய்ப் பாருங்கள். ஃபேன் சுற்றுகிறதா, சத்தம் உங்கள் குரலை அமுக்குகிறதா, போர்டில் வெயில் பட்டுக் கூசுகிறதா. சாக்பீஸ் பெட்டி ஒன்று சொந்தமாக வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வாரக் கடைசியில் பெயர் எழுதாத துண்டுச் சீட்டு வாங்குவதையும் காலண்டரில் இப்போதே குறித்துவிடுங்கள். ஒரே கேள்வி: என் வகுப்பில் எதை மாற்ற வேண்டும்? வேகம், உதாரணம், குறிப்பு பற்றியெல்லாம் எழுதுவார்கள் என்று எதிர்பார்த்து ஒரு வருடம் வாங்கினேன். ஒன்பது சீட்டில் ஒரே விஷயம்தான் இருந்தது: "போர்டுல கீழ எழுதுறது பின்னாடி தெரியல சார்." அன்றிலிருந்து எந்த வகுப்புக்குப் போனாலும் முதல் வேலையாகப் போர்டில் மேலிருந்து முக்கால் பங்கில் குறுக்கே ஒரு கோடு போடுவேன். அதற்குக் கீழே எதுவும் எழுதுவதில்லை.